எதுவரைக்கும்? யுகமுடிவு எழுத்துகளுக்குள் இருக்கும் கேள்வி

பைபிளில் உள்ள தானியேல் புத்தகம் முடிவதற்குச் சற்று முன்னால் ஒரு எண் வருகிறது: 1,290 நாள். எருசலேம் ஆலயத்தில் அன்றாடப் பலி நின்றுபோய், ‘பாழாக்கும் அருவருப்பு’, அதாவது அந்நிய வழிபாட்டுச் சின்னம், அங்கே வைக்கப்பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டிய நாட்கள் அவை. அடுத்த வசனத்திலேயே இன்னொரு எண்: 1,335 நாள்வரை காத்திருக்கிறவன் பாக்கியவான். முதல் எண் என்ன ஆயிற்று, நடுவில் 45 நாள் ஏன் கூடியது என்று ஒரு வார்த்தை இல்லை. நாலு அதிகாரம் முன்னால் போனால் 2,300 மாலையும் காலையும் என்று வேறொரு கணக்கு இருக்கிறது. மாலைப் பலி ஒன்று, காலைப் பலி ஒன்று என்று வைத்துக்கொண்டால் அது 1,150 நாள்.

இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள் பலர் சொல்வது இது: முதலில் சொன்ன நாள் வந்தது, போனது. எதிர்பார்த்தது நடக்கவில்லை. யாரோ ஒருவர் சுருளை மறுபடி விரித்தார். பழைய எண்ணைச் சுரண்டி அழிக்கவில்லை. அதன் கீழேயே புது எண்ணை எழுதினார். இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்திருங்கள் என்றார். இந்த இலக்கியத்தில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் அந்த 45 நாள்தான்.

யுகமுடிவு என்றதும் நெருப்பும் மிருகமும் 666-ம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் ‘அபோகாலிப்சிஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு அழிவு என்ற பொருளே கிடையாது. மூடியிருந்ததைத் திறப்பது, திரையை விலக்குவது என்றுதான் அர்த்தம். பைபிளின் கடைசிப் புத்தகம் கிரேக்கத்தில் தொடங்குவதே அந்தச் சொல்லோடுதான். தமிழில் அதற்கு ‘வெளிப்படுத்தின விசேஷம்’ என்றும் ‘திருவெளிப்பாடு’ என்றும் பெயர் வைத்தவர்கள் சரியாகவே வைத்தார்கள். இந்த வகை நூல்களில் பெரும்பாலும் பழங்காலத்து ஞானி ஒருவர் தரிசனம் காண்பார். அவருக்கு அது விளங்காது. ஒரு தேவதூதர் வந்து விளக்குவார். வானத்தில் இப்போது என்ன நடக்கிறது, பூமியில் இனி என்ன நடக்கப்போகிறது என்ற இரண்டும் அவருக்குக் காட்டப்படும்.

தரிசனங்களுக்கு நடுவே ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: எதுவரைக்கும்? தானியேலில் பரலோகத்தில் இருப்பவர்களே அதைக் கேட்கிறார்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில், அதாவது பத்மு தீவில் யோவான் கண்ட தரிசனத்தில், கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழிருந்து கேட்கின்றன. உலகம் எப்போது முடியும் என்று சும்மா இருக்கிறவர்கூடக் கேட்கலாம். எதுவரைக்கும் என்று கேட்பது தாங்க முடியாதவர்கள். இரண்டாவது கேள்வியை மறந்துவிட்டு முதல் கேள்விக்கு மட்டும் விடை தேடினால் இந்த நூல்கள் கைக்குப் பிடிபடாது என்பது என் கருத்து.

கி.மு. 167-ல் யூதேயாவில் நடந்ததைப் பார்த்தால் இது விளங்கும். அப்போது நாடு செலூக்கிய அரசர் நான்காம் அந்தியோகஸின் கையில் இருந்தது. ‘எப்பிபானெஸ்’, அதாவது வெளிப்பட்ட தெய்வம் என்று பட்டம் சூட்டிக்கொண்டவர். பிரதான ஆசாரியர் பதவி அவர் காலத்தில் பணம் கொடுத்தவர்களுக்குக் கைமாறியது. அதை வைத்து யூதர்களுக்குள்ளேயே சண்டை. எகிப்துமேல் படையெடுத்துப் போன இடத்தில் ரோமத் தூதர் ஒருவர் அந்தியோகஸைச் சுற்றி மணலில் வட்டம் கிழித்து, இதைத் தாண்டுமுன் பதில் சொல் என்று மிரட்டித் திருப்பி அனுப்பிய அவமானம் வேறு. அதற்கடுத்த ஆண்டுதான் எருசலேமில் தடைகள் வந்தன. ஓய்வுநாள் கூடாது, விருத்தசேதனம் கூடாது. நியாயப்பிரமாணச் சுருள்களைக் கிழித்து எரித்தார்கள். மக்கபேயர் முதல் நூல் ஒரு காட்சியைச் சொல்கிறது: பிள்ளைகளுக்கு விருத்தசேதனம் செய்வித்த தாய்மாரைக் கொன்றார்கள், அந்தக் கைக்குழந்தைகளைத் தாய்மாரின் கழுத்திலேயே தொங்கவிட்டார்கள்.

அந்தக் காட்சியோடு ஒரு பழைய நம்பிக்கையும் உடைந்தது. கட்டளையைக் கைக்கொண்டால் வாழ்வு, மீறினால் நாசம் என்று உபாகமம் கற்பித்திருந்தது. கி.மு. 586-ல் பாபிலோனியர் ஆலயத்தை இடித்ததைக்கூட மக்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள்: நாம் பாவம் செய்தோம், தண்டனை வந்தது. இப்போதோ கட்டளையைக் கைக்கொண்ட தாய் சாகிறாள். கைவிட்டவர்கள் சௌக்கியமாக இருக்கிறார்கள். செத்துப்போனவளுக்கு நியாயம் எங்கே கிடைக்கும்? எபிரேய பைபிளில் தனிமனிதர்கள் உயிர்த்தெழுவதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லும் வசனம் தானியேல் 12-ல் வருவதை இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பூமியின் தூளில் உறங்குகிறவர்களில் அநேகர் விழித்தெழுவார்கள், சிலர் நித்திய ஜீவனுக்கு, சிலர் நித்திய நிந்தைக்கு என்கிறது அது. அநேகர் என்கிறது, எல்லோரும் என்று சொல்லவில்லை. எழுதியவருக்கு மரணத்துக்குப் பின் என்ன என்ற ஆராய்ச்சியில் நாட்டமில்லை. இந்த உலகத்தில் கணக்குத் தீராமல் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களை எழுப்பியாவது தீர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

இதே புத்தகத்தின் ஏழாம் அதிகாரத்தில் கடலிலிருந்து நாலு மிருகங்கள் ஏறி வருகின்றன: கழுகுச் செட்டையுள்ள சிங்கம், பல்லுக்கிடையில் மூன்று விலா எலும்பைக் கவ்விய கரடி, நாலு தலைச் சிறுத்தை, இரும்புப் பற்களும் பத்துக் கொம்புகளும் உள்ள பெயர் சொல்லமுடியாத ஒன்று. கடைசியில் முளைத்த சின்னக் கொம்புக்குக் கண்ணும் இருக்கிறது, வாயும் இருக்கிறது, பெருமை பேசுகிறது. அதுதான் அந்தியோகஸ். அப்புறம் சிங்காசனங்கள் போடப்படுகின்றன, நீண்ட ஆயுசுள்ளவர் உட்காருகிறார், புத்தகங்கள் திறக்கப்படுகின்றன. மேகங்களோடு மனுஷகுமாரனைப்போல ஒருவர் வருகிறார். ராஜ்யம் அவருக்குக் கொடுக்கப்படுகிறது. கீழே எருசலேமில் அந்தியோகஸ் வைத்ததுதான் சட்டம். மேலே வழக்கு ஏற்கெனவே விசாரணைக்கு எடுக்கப்பட்டுவிட்டது. திரையை விலக்குவது என்றால் இதுதான்.

கதை நடப்பது கி.மு. ஆறாம் நூற்றாண்டு பாபிலோனில். எழுதப்பட்டதோ அந்தியோகஸ் காலத்தில். கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே பொர்ஃபிரி என்ற கிரேக்கத் தத்துவவாதி இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். பதினோராம் அதிகாரம் சிரியா, எகிப்து அரசர்களின் போர்களை ஆச்சரியப்படும் அளவுக்குத் துல்லியமாக ‘முன்னறிவிக்கிறது’. கடைசியில் அந்தியோகஸ் கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் நடுவே கூடாரம் போட்டு, அங்கே முடிந்துபோவார் என்கிறது. அவர் கி.மு. 164-ல் இறந்தது அங்கே அல்ல, பாரசீகப் பக்கம். ஆக, எழுதியவர் அதற்குமுன் பேனாவை வைத்துவிட்டார். இதை மோசடி என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. தரிசனம் முடிவுகாலம்வரை முத்திரை போட்டு மூடிவைக்கப்பட்டது என்று புத்தகமே சொல்கிறது. இப்போது அது திறக்கப்பட்டிருக்கிறது என்றால், அதுவே வாசிக்கிறவருக்குச் செய்தி. நாலு ராஜ்யங்களில் மூன்று போய்விட்டன, நாம் கடைசிப் பக்கத்தில் இருக்கிறோம் என்று அந்த வடிவம் அவருக்குச் சொன்னது.

ஆனால் எல்லாம் தானியேலில் தொடங்கியதாக நினைக்கக் கூடாது. ஏனோக்கின் பெயரில் வழங்கும் நூலின் சில பகுதிகள் அதற்கும் முந்தியவை, கி.மு. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆதியாகமத்தில் ஏனோக்குக்குக் கிடைத்தது சில வரிகள்தான்: 365 வருஷம் வாழ்ந்தார், தேவனோடே சஞ்சரித்தார், தேவன் அவரை எடுத்துக்கொண்டார். அந்த இடைவெளியில் ஒரு பெரிய உலகமே கட்டப்பட்டது. 200 தேவதூதர்கள் எர்மோன் மலையில் இறங்கி, மனுஷப் பெண்களை மணந்து, வாளும் கேடயமும் செய்வது எப்படி, கண்ணுக்கு மை தீட்டுவது எப்படி என்றெல்லாம் மனிதருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பூமி ரத்தத்தால் நிறைந்து கதறுகிறது. இங்கே தீமை மனிதனின் கீழ்ப்படியாமையால் மட்டும் வந்ததாக இல்லை. அவன் கைக்கு எட்டாத இடத்திலிருந்து வந்திருக்கிறது. அப்படியானால் அதை முடித்துவைப்பதும் அவன் கையில் இல்லை. இந்த நூல் முழுதாகப் பிழைத்திருப்பது எத்தியோப்பியாவின் கெயெஸ் மொழியில் மட்டும். எத்தியோப்பியத் திருச்சபைக்கு இன்றும் இது வேதம். மூல அராமிக் துண்டுகள் சாக்கடலோரம் கும்ரான் குகைகளில் கிடைத்தன.

அதே கும்ரானில், ஆபகூக் தீர்க்கதரிசனத்துக்கு எழுதிய உரையில் ஒரு வரி இருக்கிறது. தரிசனம் தாமதித்தாலும் காத்திரு என்று ஆபகூக் சொன்னதற்கு உரைகாரர் இப்படிப் பொருள் சொல்கிறார்: கடைசிக் காலம் நீளும், தீர்க்கதரிசிகள் சொன்ன எல்லாவற்றையும் தாண்டி நீளும். உண்மையைச் செய்கிறவர்களின் கை, காலம் நீளும்போதும் தளராது. இந்தச் சுருள்களை வைத்திருந்த யூதச் சமூகத்தார் ஒளியின் மக்களுக்கும் இருளின் மக்களுக்கும் நடக்கப்போகும் 40 ஆண்டுப் போருக்கு அணிவகுப்பு விவரம்வரை எழுதிவைத்திருந்தவர்கள். தாமதத்தை அவர்களும் பார்த்தார்கள். அதற்குப் பெயரும் வைத்தார்கள். காத்திருப்பதை நிறுத்தவில்லை. கி.பி. 68 வாக்கில் ரோமப் படை அந்த இடத்தை அழித்தது.

இந்தக் காற்றில்தான் இயேசு வருகிறார். அவர் பேசியது யுகமுடிவைத்தானா என்று நூறு ஆண்டுக்கும் மேலாகச் சர்ச்சை இருக்கிறது. 1906-ல் இறையியலாளர் ஆல்பர்ட் ஷ்வைட்சர், ஆம், யுகமுடிவைத்தான் என்று உரக்கச் சொன்னதிலிருந்து அது அடங்கவே இல்லை. இயேசுவுக்குமுன் வந்த யோவான் ஸ்நானகன், கோடரி மரத்தின் வேரருகே வைத்தாயிற்று என்கிறார். இயேசுவுக்குப்பின் வந்த பவுல், காலம் குறுகினது என்கிறார். நடுவில் இருந்தவர் மட்டும் வேறெதையோ பேசினார் என்று நம்புவது எனக்குக் கடினம். இங்கே நிற்கிறவர்களில் சிலர் தேவனுடைய ராஜ்யம் பலத்தோடே வருவதைக் காணுமுன் மரிப்பதில்லை என்று மாற்கு நற்செய்தியில் அவர் சொல்கிறார். பின்னால் வந்தவர்களுக்கு அது சங்கடமான வாக்கியம். ஆனாலும் அதை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள், 1,290-ஐ வைத்திருந்ததுபோல.

சுமார் கி.பி. 50-ல் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ எழுத்து என்று பலர் கருதுகிறார்கள். அங்கே இருந்தது ஒரு சின்னச் சபை. கர்த்தர் சீக்கிரம் வருவார் என்று நம்பி விக்கிரகங்களை விட்டு வந்தவர்கள். அவர்களில் சிலர் இறந்துபோனார்கள். மற்றவர்களுக்குத் துக்கத்தோடு பயமும் வந்தது: அவர் வரும்போது இவர்கள் இருக்கமாட்டார்களே, எல்லாம் இவர்களுக்கு இல்லாமல் போய்விடுமா? பவுல் தேற்றுகிறார். இறந்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள், உயிரோடிருக்கும் நாம் அவர்களுக்கு முந்திக்கொள்வதில்லை. கிரேக்கத்தில் நாம், நாங்கள் என்ற வேறுபாடு கிடையாது. தமிழில் பெயர்த்தவர்கள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். அதே வசனத்தில் ‘நாங்கள் உங்களுக்குச் சொல்லுகிறதாவது’ என்று தொடங்கியவர்கள், இந்த இடத்தில் ‘நாம்’ என்று போட்டார்கள். சரியான தேர்வு. பவுல் தன்னையும் அந்தச் சபையையும் சேர்த்து, நாம் உயிரோடிருப்போம் என்றுதான் நினைத்தார்.

பவுலிடம் ஒன்று புதிது. உயிர்த்தெழுதல் என்பது கடைசியில் மொத்தமாக நடக்கும் என்றே யூதர்கள் எதிர்பார்த்தார்கள். நடுவில் ஒருவர் மட்டும் எழுந்துவிட்டார் என்றால்? அறுவடை தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதல் கதிரை அறுத்து ஆலயத்துக்குக் கொண்டுபோகும் வழக்கத்திலிருந்து ‘முதற்பலன்’ என்ற சொல்லை எடுத்து அவர் கிறிஸ்துவுக்குச் சூட்டுகிறார். முதல் கதிர் வந்துவிட்டால் வயல் பின்னாலேயே வந்தாக வேண்டும். அதனால்தான் அவ்வளவு அவசரம்.

வயல் வரவில்லை. கி.பி. 70-ல் ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேமுக்கு வந்தது. ஆலயம் மறுபடி எரிந்தது. அதற்கடுத்த முப்பது ஆண்டுகளுக்குள், ஒருவரையொருவர் அறியாத இரண்டு பேர், ஒரு யூதரும் ஒரு கிறிஸ்தவரும், அடுத்தடுத்து எழுதிய இரண்டு நூல்களை நான் எப்போதும் சேர்த்தே படிப்பேன்.

யூதர் எழுதியது எஸ்றாவின் நான்காம் நூல். கதைப்படி, பாபிலோனியர் கையில் நகரம் அழிந்து முப்பதாம் ஆண்டில் எஸ்றா படுக்கையில் கிடந்து கலங்குகிறார். பாபிலோன் சீயோனைவிட நல்லதாகவா நடந்தது, அது ஏன் செழித்திருக்கிறது? தேவதூதர் ஊரியேல் வந்து, நெருப்பின் எடையை நிறுத்துக் காட்டு, போன நாளைத் திரும்பக் கூப்பிடு, அப்புறம் உனக்குச் சொல்கிறேன் என்கிறார். எஸ்றா அடங்கிப்போகவில்லை. ஏன் என்று விளங்காமல் துன்பப்படுவதைவிட நாங்கள் இங்கே வராமலே இருந்திருக்கலாம் என்கிறார். உயரத்தில் இருக்கிற வழிகளையா நான் கேட்டேன், தினமும் எங்களுக்கு நடப்பதைத்தானே கேட்டேன் என்கிறார். இவ்வளவு நேர்மையாகத் தெய்வத்தோடு வழக்காடும் நூல்கள் குறைவு. இதிலும் நீதிமான்களின் ஆத்துமாக்கள் தங்கள் அறைகளிலிருந்து எதுவரைக்கும் என்று கேட்கின்றன. உங்களைப் போன்றவர்களின் தொகை நிறைவேறும்வரை என்று பதில் வருகிறது. ஒன்பது மாதம் நிறைந்த பெண்ணிடம் போய், பிள்ளையை இன்னும் உள்ளே வைத்திருக்க முடியுமா என்று கேட்டுப் பார் என்கிறார் ஊரியேல். யோவானின் தரிசனத்திலும் பலிபீடத்தின் கீழிருந்து வரும் அதே கேள்விக்கு அதே பதில்தான்: தொகை நிறைவேறும்வரை.

நாலாம் மிருகம் யார் என்பதும் இருவருக்கும் தெளிவு. எஸ்றாவுக்குக் கடலிலிருந்து பன்னிரண்டு சிறகும் மூன்று தலையும் உள்ள கழுகு வருகிறது: ரோம். இது உன் சகோதரன் தானியேலுக்குக் காட்டப்பட்ட நாலாம் ராஜ்யம்தான், ஆனால் இப்போது உனக்கு விளக்குவதுபோல் அவனுக்கு விளக்கப்படவில்லை என்கிறார் தேவதூதர். தானியேல் தவறு என்று சொல்லாமலே அவருடைய கணக்கைப் புதுப்பித்தாயிற்று. யோவானோ தானியேலின் நாலு மிருகங்களையும் ஒரே உடம்பாக்கிவிட்டார். சிறுத்தை உடல், கரடிக் கால், சிங்க வாய், பத்துக் கொம்பு. அதன் எண் 666. ‘நீரோன் கேசர்’ என்பதை எபிரேய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 50, 200, 6, 50, 100, 60, 200 என்று 666 வருகிறது. நீரோன் என்பதன் கடைசி எழுத்தை விட்டு நீரோ என்று எழுதினால் 50 குறைந்து 616. பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் 616 என்றே இருப்பதால் இந்த விளக்கம் எனக்கு வலுவாகப் படுகிறது.

யோவான் எழுதிய ஏழு சபைகளிலும் ரத்த ஆறு ஓடியது என்று நினைக்க வேண்டாம். கொல்லப்பட்டவராக அவர் பெயர் சொல்வது பெர்கமுவின் அந்திப்பா ஒருவரைத்தான். லவோதிக்கேயாவில் இருந்தவர்கள் வசதியானவர்கள், ரோமச் சமாதானத்தில் வியாபாரம் செய்தவர்கள். அவர்களுக்குத்தான் திரை விலக வேண்டியிருந்தது. பதினெட்டாம் அதிகாரத்தில் ரோமுக்கு வந்து குவியும் சரக்குகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது: பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், இலவங்கப்பட்டை, தூபவர்க்கம். அந்தக் காலத்தில் ரோமுக்குப் போன முத்தில் நம் கொற்கைப் பக்கத்து முத்தும் உண்டு. அந்த நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பேடு கொற்கை முத்துக்குளிப்பைப் பதிவு செய்திருக்கிறது, கைதிகளை வைத்து முத்தெடுத்தார்கள் என்பதையும் சேர்த்து. யோவானின் பட்டியல் மாவு, ஆடு, குதிரை, வண்டி என்று இறங்கிக்கொண்டே போய்க் கடைசியில் மனிதரில் முடிகிறது, அடிமைகளாக விற்கப்படும் மனித உயிர்கள்.

இந்த மக்கள் எதற்கு ஏங்கினார்கள் என்பதற்கு ஒரே ஒரு சாட்சி சொல்கிறேன். பாரூக்கின் பெயரில் அதே காலத்து யூத நூல் ஒன்று, வரப்போகும் காலத்தில் ஒரு திராட்சைக் கொடியில் 1,000 கிளை, கிளைக்கு 1,000 குலை, குலைக்கு 1,000 பழம் என்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் பாப்பியா என்ற சபைத் தலைவர் இதே கனவை 10,000 ஆக்கி, இயேசுவே சொன்னதாகச் சொல்லிக்கொடுத்தார். ஒருவர் ஒரு குலையைப் பறிக்கப் போனால் பக்கத்துக் குலை, நான் அதைவிட நல்ல குலை, என்னை எடு என்று கூவுமாம். பின்னால் வந்த திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் பாப்பியாவை அறிவு குறைந்தவர் என்று எழுதினார். அரை வயிற்றோடு வரி கட்டிய ஜனங்களின் சொர்க்கம் அப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

கி.பி. 132-ல் யூதத் தலைவர் பார் கோக்பா ரோமுக்கு எதிராக எழுந்தபோது ரபி அகிபா அவரே மேசியா என்றார். அகிபா, உன் தாடையில் புல் முளைக்கும், அப்போதும் தாவீதின் குமாரன் வந்திருக்கமாட்டான் என்று இன்னொரு ரபி பதில் சொன்னதாக, ரபிகளின் போதனைத் தொகுப்பான எருசலேம் தல்மூது பதிவு செய்கிறது. மூன்றே ஆண்டில் எழுச்சி நசுக்கப்பட்டது. அதற்குப்பின் ரபிகள் இந்த நூல்களைக் கையில் எடுக்கவில்லை. முடிவைக் கணக்குப் பார்க்கிறவர்களைச் சபிக்கும் வரி ஒன்றும் தல்மூதில் உண்டு. ஏனோக்கையும் எஸ்றாவையும் பிரதியெடுத்துக் காப்பாற்றியவர்கள் கிறிஸ்தவர்கள். எஸ்றாவின் எபிரேய மூலம் தொலைந்தேபோனது.

கிறிஸ்தவர்களுக்கும் காலம் நீண்டது. அன்பான சீஷன் சாகமாட்டான் என்று சகோதரருக்குள்ளே ஒரு பேச்சு பரவியிருந்ததாகவும், இயேசு அப்படிச் சொல்லவில்லை என்றும் யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் திருத்துகிறது. அந்த முதியவரும் போய்விட்டார் போலும். கர்த்தருக்கு ஒருநாள் ஆயிரம் வருஷம்போல என்று பேதுருவின் இரண்டாம் நிருபம் ஆறுதல் சொல்கிறது.

‘திதாகே’ என்ற ஆதித் திருச்சபைக் கையேட்டில் நற்கருணைக்குப் பின் சொல்லும் ஜெபம் இருக்கிறது: கிருபை வரட்டும், இந்த உலகம் ஒழிந்துபோகட்டும், மாரநாதா, எங்கள் ஆண்டவரே வாரும். சுமார் கி.பி. 197-ல் கார்த்தேஜ் நகரத்தில் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் ரோம அதிகாரிகளுக்கு, கிறிஸ்தவர்கள் எதற்காக ஜெபிக்கிறார்கள் என்று எழுதினார். பேரரசர்களுக்காக, உலகத்தின் நிலைக்காக, அமைதிக்காக, அதோடு முடிவு தாமதிப்பதற்காகவும் ஜெபிக்கிறோம் என்றார்.